பேட்டரிக்குப் பதில் ஒரு டிவிடி

சாதாரண காரை விடச் சில ஆயிரம் டாலர் கூடக் கொடுத்து ஒருவர் ஹைபிரிட் கார் வாங்குகிறார். சொன்ன மைலேஜ் வரவில்லை. கேஸ் போடுகிறார். கம்பெனி வக்கீலும் அவர் பக்க வக்கீலும் உட்கார்ந்து பேசி சமரசத்துக்கு வருகிறார்கள். அவருக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு டிவிடி. அதிக மைலேஜ் வர காரை எப்படி ஓட்டுவது என்று அதில் பாடம் நடத்துவார்கள்!

சத்தியமாக ஜோக் இல்லைங்க. ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வாங்கிய சுமார் 1,58,000 பேர் சார்பாக அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கில், இரு தரப்பு வக்கீல்களும் கையெழுத்துப் போட்டு கோர்ட்டில் கொடுத்த ஒப்பந்தம் இது. டிவிடியோடு ஒரு தள்ளுபடிக் கூப்பனும் உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்த இன்னொரு புது ஹோண்டா வாங்க வேண்டும். ஏற்கெனவே கம்பெனியிடம் புகார் செய்திருந்த சிலருக்கு மட்டும் 100 டாலர் ரொக்கம். வக்கீல்களுக்கு? ஏறக்குறைய 30 லட்சம் டாலர். 26 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் ஆட்சேபித்தார்கள். 2010-இல் கலிஃபோர்னியாவின் மத்திய அரசு நீதிமன்ற நீதிபதி வர்ஜீனியா பிலிப்ஸ், இது நியாயமான சமரசம் இல்லை என்று நிராகரித்தார்.

அதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்சம் பேட்டரி பற்றிப் பேசிவிடலாம். மெக்கானிக்கல் நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், சண்டைக்கு வராமல் இருந்தால் சரி. 2006 மாடல் சிவிக் ஹைபிரிட்டில் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அந்த அளவு காருக்கு இது சின்ன எஞ்சின்தான். அதற்குக் கைகொடுக்க 20 குதிரைத்திறன் மின் மோட்டார் ஒன்று. மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 132 செல்கள், மொத்தம் 158 வோல்ட். பிரேக் போடும்போது சார்ஜ் ஏறும், வேகம் எடுக்கும்போது இறங்கும். இந்த வகை பேட்டரியை முழுசாகக் காலி செய்வதும் முழுசாக நிரப்புவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். வெயில் அதற்கு எமன். நகர டிராஃபிக்கில் நின்று நின்று போவதும் அப்படியே. எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு இறக்கலாம், எப்போது மோட்டாரை உதவிக்குக் கூப்பிடலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது காரில் இருக்கும் மென்பொருள்.

ஆக, பேட்டரி சீக்கிரம் சாகிறது என்று தெரிந்தால் கம்பெனிக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, புது பேட்டரி மாட்டிக் கொடுப்பது. வண்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் செலவாகும். இன்னொன்று, பேட்டரியை அதிகம் வேலை வாங்காதே என்று மென்பொருளை மாற்றிவிடுவது. செலவு கொஞ்சம்தான், பேட்டரியும் வாரண்டி முடிகிறவரை தாக்குப்பிடிக்கும். ஆனால் பேட்டரி செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது? அந்த 1.3 லிட்டர் எஞ்சின்தான். பெட்ரோலை யார் போடுவது? நீங்கள்தான்.

2010-இல் 2006 முதல் 2008 வரையிலான சிவிக் ஹைபிரிட்களுக்கு ஹோண்டா ஒரு மென்பொருள் மாற்றம் செய்தது. பேட்டரியின் ஆயுளைக் கூட்டுவதற்காக என்று காரணம் சொன்னார்கள். அதைப் போட்டுக்கொண்ட பலர் மைலேஜ் சரிந்துவிட்டது, ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று புலம்பினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது ரீகால் இல்லை. வெறும் ‘அப்டேட்’. அமெரிக்காவில் 1966-ஆம் வருட வாகனப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்புக்கு ஆபத்தான குறையோ அரசின் பாதுகாப்புத் தரத்துக்கு ஒத்துவராத குறையோ இருந்தால்தான் ரீகால் கட்டாயம். பேட்டரி சீக்கிரம் செத்தால் யாருக்கும் உயிர் போகாது, பர்ஸ்தான் காலியாகும். பர்ஸ் காலியாவது அந்தச் சட்டத்தின் கணக்கில் வராது. பேட்டரி செத்தால் வாரண்டி உண்டு. மைலேஜ் செத்தால்? வாரண்டியில் மைலேஜ் என்ற வார்த்தையே கிடையாது. உத்தரவாதம் கொடுத்த பொருளைக் காப்பாற்ற உத்தரவாதம் கொடுக்காத பொருளை பலி கொடுத்துவிட்டார்கள். எழுத்துப்படி யாரும் எதையும் மீறவில்லை. என் கோபமே அதில்தான்.

இப்போது ஹீதர் பீட்டர்ஸ் என்கிற பெண்மணி வருகிறார். லாஸ் ஏஞ்சலஸ்காரர். ஒரு காலத்தில் வக்கீலாக இருந்தவர். 2006 சிவிக் ஹைபிரிட் வைத்திருந்தார். காலனுக்கு 50 மைல் என்று நம்பி வாங்கியது, நம் கணக்கில் லிட்டருக்கு சுமார் 21 கிலோமீட்டர். மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகு 30 மைலுக்கும் கீழே போய்விட்டது என்றார் அவர். அதாவது லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கூட இல்லை. ஹைபிரிட் இல்லாத சாதாரண கார்களே அதைக் கொடுக்கும்.

இதற்குள் இரண்டாவது கூட்டு வழக்குச் சமரசம் தயாராகிவிட்டது, இந்த முறை மாநில நீதிமன்றத்தில். சுமார் 2 லட்சம் பேருக்கு ஆளுக்கு 100 அல்லது 200 டாலர், கூடவே வழக்கம்போல் புது ஹோண்டா வாங்கினால் மட்டும் செல்லுபடியாகும் கூப்பன். வக்கீல்களுக்கு சுமார் 85 லட்சம் டாலர். டிவிடி மட்டும் காணோம்!

பீட்டர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? எனக்கு உங்கள் 100 டாலர் வேண்டாம் என்று கூட்டு வழக்கிலிருந்து எழுதிக் கொடுத்து விலகினார். டாரன்ஸ் நகரத்தில் இருக்கும் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் 10,000 டாலர் கேட்டுத் தனியாக வழக்குப் போட்டார். அங்கே விசாரணையில் இரு தரப்புக்கும் வக்கீல் கூடாது. கட்டணம் 75 டாலருக்கு மேல் போகாது. உலகம் முழுக்கக் கார் விற்கும் கம்பெனி, தன் வக்கீல் படையை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு தொழில்நுட்ப ஆளை மட்டும் அனுப்பி ஒரு பெண்மணிக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

2012 பிப்ரவரி 1-ஆம் தேதி தீர்ப்பு. கோர்ட் கமிஷனர் டக்ளஸ் கார்னஹான் 26 பக்கம் எழுதியிருந்தார். பீட்டர்ஸுக்கு 9,867 டாலர் 19 சென்ட் கொடு என்று ஹோண்டாவுக்கு உத்தரவு. சின்ன வழக்குக்கு 26 பக்கத் தீர்ப்பு என்பதே அபூர்வம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லட்சம் பேரும் இதே மாதிரி ஆளுக்குப் பத்தாயிரம் வாங்கினால் 200 கோடி டாலர். கூட்டு வழக்குச் சமரசத்தில் ஆளுக்கு 100 என்று வைத்தால் 2 கோடி. ஒரே குறை, ஒரே மாடல் கார், போகிற கோர்ட் மட்டும் வேறு. நூறு மடங்கு வித்தியாசம்.

பீட்டர்ஸ் அதோடு நிற்கவில்லை. மற்றவர்களையும் சமரசத்திலிருந்து விலகச் சொல்லிப் பிரசாரம் செய்தார். ஆனால் அந்த மார்ச் 16-ஆம் தேதி சான் டியேகோ நீதிபதி டிமத்தி டெய்லர் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். விலகாமல் இருந்த அத்தனை பேருடைய உரிமையும் அந்த நூறு இருநூறோடு முடிந்தது. அதில் எத்தனை பேர் தபாலில் வந்த கடிதத்தைப் பிரித்துப் பார்க்காதவர்களோ, யார் கண்டது? கூட்டு வழக்கின் விதி அப்படி. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர் எல்லாம் சம்மதித்தவர்.

அப்புறம் நடந்ததுதான் உச்சக்கட்டம். கலிஃபோர்னியா சிறு வழக்கு நீதிமன்றத்தில் ஒரு விசித்திர விதி இருக்கிறது. வழக்குப் போட்டவர் தோற்றால் அப்பீல் கிடையாது. எதிர்த் தரப்பு தோற்றால் அப்பீல் உண்டு, அங்கே வக்கீலும் வரலாம், முதலிலிருந்து மறுபடி விசாரணை. வாசலில் நின்ற படை இப்போது உள்ளே வந்தது. 2012 மே மாதம் நீதிபதி டட்லி கிரே தீர்ப்பைத் தலைகீழாக்கினார். மைலேஜ் எண்களைத் தீர்மானிப்பது மத்திய அரசின் விதிகள், விளம்பர வாசகங்கள் குறிப்பிட்ட வாக்குறுதி ஆகாது என்கிற ரீதியில் போனது அவருடைய தீர்ப்பு. பீட்டர்ஸுக்குப் பூஜ்யம். அதற்கு மேல் அப்பீலும் இல்லை.

“சும்மா கம்பெனியைத் திட்டாதே. மைலேஜ் ஓட்டுகிறவர் காலில்தான் இருக்கிறது, பேட்டரி ஆயுளைக் கூட்டுவது பொறியியல் முடிவு” என்று ஒரு சீனியர் என்னிடம் வாதாடினார். பாதி சரி. அரசாங்கமே அந்தப் பழைய சோதனை முறை மிகையான எண்களைத் தருகிறது என்று 2008 மாடல்களிலிருந்து முறையை மாற்றியது. அந்த முறைப்படி இதே சிவிக் ஹைபிரிட்டின் கணக்கு 42 மைலாக இறங்கியது. அதனால் 50 வரவில்லை என்ற புகாரில் ஒரு பங்கைச் சோதனை முறையின் தலையில் போடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஹோண்டா பின்னாளில் பேட்டரி வாரண்டியைக் கொஞ்சம் நீட்டித்தது என்பதும் உண்மைதான். ஆனால் என் கேள்வி அதுவல்ல. விற்ற பிறகு, காரின் குணத்தையே மாற்றுகிற ஒரு முடிவைக் கம்பெனி மட்டும் எடுக்கலாமா? பேட்டரி நீளமாக உழைக்க வேண்டுமா, மைலேஜ் வேண்டுமா என்று காசு கொடுத்தவனை ஒரு வார்த்தை கேட்டார்களா? கல்யாணப் பந்தியில் பாதி சாப்பாட்டில் இலையிலிருந்து வடையை எடுத்துக்கொண்டு, “உங்க உடம்புக்கு நல்லது சார்” என்று சொல்வது மாதிரி இருக்கிறது. நல்லதாகவே இருக்கட்டும், வடைக்குக் கொடுத்த காசு?

“சரி, அது பழைய கதை. இப்போது உண்மையான ரீகாலே வருகிறதே, அதில் சொந்தக்காரருக்கு நியாயம் கிடைக்கிறதே” என்று அடுத்த வாதம் வரும். அதையும் பார்த்துவிடுவோம்.

2022 பிப்ரவரியில் கிரைஸ்லர் பசிஃபிகா பிளக்-இன் ஹைபிரிட் வேன்கள், 2017, 2018 மாடல்கள், அமெரிக்காவில் மட்டும் 16,741 வண்டிகள் ரீகால் ஆயின. 12 வண்டிகள் தீப்பிடித்திருந்தன. அத்தனையும் எஞ்சினை அணைத்து நிறுத்தி வைத்திருந்தபோது! கம்பெனி சொன்ன அறிவுரை: சார்ஜ் போடாதீர்கள், வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துங்கள். பிள்ளைகுட்டியோடு போக வாங்குகிற வேன் அது. சார்ஜ் போட்டு ஓட்டலாம் என்பதற்காகவே கூடக் காசு கொடுத்து வாங்கியது. 2024 ஜூலையில் இதே பசிஃபிகா ஹைபிரிட்டுக்கு இன்னொரு பேட்டரி ரீகால், வேறு 7 தீ விபத்துகளுக்குப் பிறகு.

ஜீப் கதை இதைவிட மோசம். ஃபோர்-எக்ஸ்-ஈ என்கிற பிளக்-இன் மாடல்கள். 2023 நவம்பரில் ரேங்ளர் 32,125 வண்டிகள் ரீகால். மென்பொருள் ஏற்றி, சந்தேகம் வந்தால் பேட்டரி மாற்றித் தருவதாகத் தீர்வு. 2024 செப்டம்பரில் கிராண்ட் செரோக்கியையும் சேர்த்து அமெரிக்காவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மறுபடி மென்பொருள், மறுபடி “வெளியே நிறுத்துங்கள்”. 2025 நவம்பரில் 3,20,065 வண்டிகள், 19 தீ விபத்துகள். முந்தைய ரீகால்களில் சரி செய்யப்பட்டது என்று முத்திரை குத்தி அனுப்பிய வண்டிகளும் இதில் மறுபடி சிக்கின. அறிவிப்பு வந்த அன்று தீர்வே தயாராக இல்லை. மென்பொருளால் தீயை மோப்பம் பிடிக்கலாம், செல்லுக்குள் இருக்கிற உற்பத்திக் குறையை அழிக்க முடியாது. இது இரண்டாவது ரீகாலிலேயே தெரியாமலா போயிற்று?

ரீகால் சட்டம் பழுது பார், மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு என்று மூன்று தீர்வு சொல்கிறது. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் மூன்றில் எது என்று தேர்ந்தெடுப்பது கம்பெனி! எந்தக் கம்பெனியாவது மூன்றாவதைத் தானாக எடுக்குமா? நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் நீங்கள் புகார் கொடுக்கலாம், விசாரிக்கச் சொல்லி மனுப் போடலாம். அந்தச் சட்டத்தை வைத்து நீங்களே கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது. எட்டு மாதம் சார்ஜ் போடாமல் பெட்ரோலில் ஓட்டினீர்களே, அந்தச் செலவு யார் கணக்கு என்று ரீகால் கடிதத்தில் தேடாதீர்கள்.

அப்படியானால் வேறு வழி? லெமன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. (அவர்கள் ஊரில் ஓட்டை வண்டிக்கு எலுமிச்சை என்று பெயர். நாம் புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சை வைத்து நசுக்குகிறோம். அதில் ஏதோ தத்துவம் இருக்க வேண்டும் :-) ) அமெரிக்காவிலேயே வலுவானது கலிஃபோர்னியாவின் 1970-ஆம் வருட சாங்-பெவர்லி சட்டம். வாரண்டிக் காலத்துக்குள் நியாயமான தடவை முயன்றும் சரி செய்ய முடியாவிட்டால் காரைத் திரும்ப வாங்கிக்கொள் அல்லது மாற்றிக் கொடு என்று கேட்கலாம். இங்கே தேர்வு கம்பெனியுடையது மட்டும் இல்லை, பணம்தான் வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம்.

நல்ல சட்டம். அதனால்தான் அதை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டார்கள்.

முதல் வெட்டு 2024 அக்டோபர் 31. கம்பெனி வாரண்டி பாக்கியிருக்கிற பழைய காரை வாங்கினால் அது இந்தச் சட்டப்படி ‘புது வாகனம்’ ஆகாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேட்டரி எப்போது சாகும்? பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது வருடம். அப்போது வண்டி யார் கையில் இருக்கும்? இரண்டாவது சொந்தக்காரர் கையில். புது ஹைபிரிட் வாங்க வசதியில்லாமல் பழையதை வாங்கிய அந்த மனிதருக்குத்தான் கதவு சாத்தப்பட்டது. இலவசமாகப் பேட்டரி மாற்றும் வாரண்டி அவருக்கும் உண்டு, மாற்றியும் சரியாகாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் அந்த ஆயுதம்தான் இல்லை.

இரண்டாவது வெட்டு சட்டமன்றத்தில் அதே வருடம் விழுந்தது. ஒரு புது நடைமுறை, விருப்பப்பட்ட கம்பெனிகள் சேர்ந்துகொள்ளலாம் என்று அடுத்த வருடம் அதைத் திருத்தினார்கள். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஜீப்பும் கிரைஸ்லரும் செய்கிற ஸ்டெல்லாண்டிஸ் எல்லாம் சேர்ந்துகொண்டன. சேர்ந்த கம்பெனிகள் மேல் வழக்குப் போட வாரண்டி முடிந்து ஒரு வருடம் வரைதான் கெடு, எப்படியானாலும் முதல் டெலிவரி ஆன நாளிலிருந்து ஆறு வருடத்தைத் தாண்டக் கூடாது. கலிஃபோர்னியாவில் பல ஹைபிரிட்களுக்கு பேட்டரி வாரண்டியே 10 வருடம் அல்லது 1,50,000 மைல்! பத்து வருட உத்தரவாதம், ஆறு வருட வழக்குரிமை. ஏழாவது வருடத்தில் பேட்டரி மாற்றி மாற்றிக் கெட்டால்? உத்தரவாதச் சீட்டை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல சேதி ஒன்றும் உண்டு, சொல்லாவிட்டால் நான் ஓரவஞ்சனைக்காரன் ஆவேன். டீலரிடம் கையெழுத்துப் போட்ட விற்பனைப் பத்திரத்தில் தகராறு வந்தால் மத்தியஸ்தம் என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்தே போடாத கம்பெனி, அதே வரியைக் காட்டிக் கோர்ட்டிலிருந்து ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அது செல்லாது என்று 2025 ஜூலையில் அதே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஃபோர்டு வழக்குகளில் சொன்னது. சிறு வழக்கு நீதிமன்றத்தின் உச்சவரம்பும் 2024 முதல் 12,500 டாலர் ஆகியிருக்கிறது.

உங்கள் அக்காவோ மாமாவோ அங்கே ஹைபிரிட் ஓட்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மென்பொருள் மாற்றத்துக்கு வண்டியை விடுவதற்கு முன் ஒரு மாதம் பெட்ரோல் பில்லையும் ஓடிய மைலையும் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் ஒரு மாதம். தீப்பிடிக்கும் ரீகால் என்றால் தள்ளிப் போடாமல் உடனே விட வேண்டும், அப்போதும் முன்பின் கணக்கு எழுதி வைப்பதில் நஷ்டமில்லை. ஒவ்வொரு தடவை விடும்போதும் தேதியும் புகாரும் எழுதிய சர்வீஸ் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். “ஒண்ணுமில்ல சார், செக் பண்ணிட்டோம்” என்று வாயால் சொன்னதை எந்தக் கோர்ட்டும் எண்ணாது. டெலிவரி எடுத்த தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு, ஆறு வருடம் எப்போது முடிகிறது என்று குறித்து வைக்க வேண்டும். கூட்டு வழக்குச் சமரசம் என்று கடிதம் வந்தால் குப்பைத்தொட்டிக்குப் போவதற்குள் அதில் விலகுவதற்கான கடைசித் தேதியைப் பாருங்கள். பீட்டர்ஸுக்கு 9,867 டாலர் 19 சென்ட் தீர்ப்பு வந்தது விலகியதால்தான். அது மூன்று மாதம்தான் நிலைத்தது என்றாலும்.